டோன்ஆர்ம் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ரெக்கார்டு பிளேயரில் கடைசிப் பாட்டு வந்ததும் பாடகியின் குரல் சீறுகிறது. இன்னொருவர் வீட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடுகிறது. வேறொருவருக்குத் தட்டு கொஞ்சம் வளைந்திருந்தால் போதும், ஸ்பீக்கர் கூம்பு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். இதையெல்லாம் கேட்டதும் பெரும்பாலானவர்கள் "கார்ட்ரிட்ஜ் என்ன?" என்றுதான் விசாரிப்பார்கள், அதாவது முள்ளைத் தாங்கும் சின்னப் பெட்டியைப் பற்றி. நான் "ஆர்ம் என்ன?" என்று கேட்பேன், அதாவது அந்தப் பெட்டியைத் தட்டின் மேல் ஏந்திச் செல்லும் கையை, டோன்ஆர்மைப் பற்றி. எந்த டோன்ஆர்மும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வதில்லை. வடிவமைத்தவர் ஒன்றைப் பெறுவதற்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்திருப்பார். உங்கள் காதில் விழுவது திருகாணியால் தீரும் பிழையா, அந்த ஆர்மின் பிறவிக் குணமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பிறவிக் குணத்தைத் திருகித் திருகி மாற்றப் போய் நல்ல முள்ளை ஒடித்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. முள்ளின் அழுத்தத்தை 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, முள் நிற்கும் கோணம் பார்க்கக் கட்டம் அச்சிட்ட புரோட்ராக்டர், ஒரு டார்ச், முகம் பார்க்கும் மெல்லிய கண்ணாடித் துண்டு, நீர்மட்டம். எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று விஷயங்களை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். முள்ளை மென்மையான பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடைப்பது, மேடையின் மட்டம் பார்ப்பது, முள் எடையைத் தராசில் அளப்பது. ஆர்மின் வால்பக்கம் இருக்கும் சமன் எடையில், அதாவது கவுண்டர்வெயிட்டில், அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். ஆர்மை மேலும் கீழும் சாயாமல் மிதக்கவிட்டுச் சரியாக பூஜ்ஜியம் வைத்திருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அப்படி மிதக்கவிடும்போது, ஆர்ம் மையப் பக்கம் உள்ளிழுபடாமல் தடுக்கும் ஆன்டி ஸ்கேட்டிங்கும் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

முதல் பாட்டு தெளிவு, கடைசிப் பாட்டில் 'ஸ' எல்லாம் சீறல்

அடிக்கடி வரும் புகார் இது. இதற்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் கலந்துவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதல் காரணம் வடிவியல். மூலத் தட்டை வெட்டும் இயந்திரத்தில் வெட்டுமுனை விளிம்பிலிருந்து மையத்துக்கு நேர்கோட்டில் நகர்கிறது. நம் ஆர்ம் ஒரு முனையில் கீல் வைத்த கதவு மாதிரி, வில் போட்டுத்தான் போகும். அதனால் முள் பள்ளத்தோடு எப்போதும் கொஞ்சம் கோணலாகவே நிற்கிறது. அந்தக் கோணலைக் குறைக்க இரண்டு தந்திரங்கள் உண்டு. முள் முனையைத் தட்டு மாட்டும் நடு அச்சைத் தாண்டி 15 முதல் 18 மில்லிமீட்டர் வரை முன்னால் தள்ளிவைப்பது ஒன்று, இதற்கு ஓவர்ஹேங் என்று பெயர். ஆர்மின் தலையை 22 முதல் 24 டிகிரி உள்பக்கம் திருப்பிவைப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் தட்டின் மேல் இரண்டே இடங்களில் கோணப் பிழை பூஜ்ஜியமாகும். மற்ற இடங்களில் ஓரிரு டிகிரிக்குள் அடங்கும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஸ் வடிவக் குழாய் நேர்க் குழாயைவிட நன்றாகத் தடம் பிடிக்கும் என்று விற்பவர்கள் சொல்வது வெறும் கதை. இரண்டுக்கும் வடிவியல் ஒன்றேதான். தலையின் திருப்பத்தைக் குழாயின் வளைவிலேயே கொடுத்துவிட்டால், கார்ட்ரிட்ஜ் மாட்டும் தலைப்பகுதியான ஹெட்ஷெல்லை நேராகச் செய்து எந்த ஆர்மிலும் மாட்டலாம், அதற்காக வந்த வளைவு அது. விலையாகக் குழாய் நீளமாகிறது, எடையும் கொஞ்சம் கூடுகிறது.

இரண்டாவது காரணத்துக்கு ஆர்மைக் குறை சொல்ல முடியாது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் எல்பியின் விளிம்பில் பள்ளம் முள்ளுக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளே 60 மில்லிமீட்டர் ஆரத்தில் 21 சென்டிமீட்டர்தான். அதே 'ஸ' ஒலியை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். தடித்த உருண்டை முனையால் அந்த நெருக்கத்துக்குள் நுழைய முடியாது. இதைத் தீர்ப்பது நீள்வட்ட முனை அல்லது ஷிபாட்டா மாதிரி மெல்லிய முனை. நேர்கோட்டில் நகரும் விலையுயர்ந்த ஆர்மை வாங்கிப் போட்டாலும் உருண்டை முனை அங்கே சீறத்தான் செய்யும்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? ஓவர்ஹேங்கிலிருந்து. அதில் 1 மில்லிமீட்டர் தவறினால் உள் பள்ளத்தில் கிட்டத்தட்ட 1 டிகிரி கோணப் பிழை கூடும். கார்ட்ரிட்ஜ் திருகாணிகளைக் கழன்றுவிடாத அளவுக்குத் தளர்த்தி, புரோட்ராக்டரின் உள் புள்ளியில் முள்ளை மெதுவாக இறக்குங்கள். மேலிருந்து பார்க்காதீர்கள். முன்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கார்ட்ரிட்ஜின் உடலை அல்ல, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரிழைக் குச்சியை, அதாவது கேன்டிலீவரை. அது கட்டத்தின் கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். உடல் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். பிறகு வெளிப் புள்ளிக்குப் போங்கள், அங்கே மாறியிருந்தால் மீண்டும் உள்ளே வாருங்கள். நாலைந்து நடை ஆகும். கடைசியில் திருகாணியை இறுக்கும்போது கார்ட்ரிட்ஜ் நிச்சயம் கொஞ்சம் திரும்பும். அதனால் இரண்டு திருகையும் கால் சுற்று கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே பக்கம் முழுக்க இறுக்கினால் மறுபடி முதலிலிருந்துதான்.

எந்தப் புரோட்ராக்டர் என்பது ருசியைப் பொறுத்தது. 1938இல் லோஃப்கிரனும் 1941இல் பேர்வால்டும் போட்ட கணக்கில் பூஜ்ஜியப் புள்ளிகள் மையத்திலிருந்து 66, 120.9 மில்லிமீட்டரில் விழும். தட்டு முழுவதும் பிழையைப் பரவலாகப் பங்கிடும் கணக்கு அது. 1966இல் ஸ்டீவன்சன் சொன்ன கணக்கு உள் புள்ளியை 60.3க்கு இழுத்துக் கடைசிப் பள்ளத்தைக் காப்பாற்றுகிறது, அதற்கு விலையாகத் தட்டின் மற்ற பகுதிகளில் பிழையைச் சற்றுக் கூட்டுகிறது. என்னிடம் உள்ள திரைப்பாடல் எல்பிகளில் பல, லேபிளைத் தொடும் வரை நிரப்பியவை. அதனால் எனக்கு ஸ்டீவன்சன். மேற்கத்திய சங்கீதம் கேட்கும் நண்பர் பேர்வால்டை விடமாட்டேன் என்கிறார்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விவரம். அதன் கீலிலிருந்து நடு அச்சு வரை 215 மில்லிமீட்டர், முள் வரை 230, ஓவர்ஹேங் 15, திருப்பம் 22 டிகிரி. கணக்குப் போட்டால் பூஜ்ஜியப் புள்ளிகள் ஏறக்குறைய 58.8, 113.5 என்று வரும், அதாவது ஸ்டீவன்சன் பக்கம். ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து முள் முனை வரை 52 மில்லிமீட்டர் என்று வைத்தால் தொழிற்சாலை நினைத்த இடத்தில் முள் உட்காரும். அதே ஆர்மில் பேர்வால்ட் புரோட்ராக்டரைப் போட்டால் கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லில் கோணலாகத்தான் நிற்கும். தப்பு செய்துவிட்டோம் என்று பயப்பட வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் சீறினால் அது ஆர்மின் குணமாக இருக்கலாம். தலையில் திருப்பமே இல்லாத நேர் டிஜே ஆர்ம்கள் இருக்கின்றன. முன்னும் பின்னும் தட்டைத் தேய்த்தாலும் முள் பள்ளத்தை விடக்கூடாது என்பதற்காகக் கோணத் துல்லியத்தைத் தெரிந்தே பலி கொடுத்த வடிவம் அது. அதில் புரோட்ராக்டர் வைத்து மல்லுக்கட்டுவது வீண். எதிர்ப்பக்கம் 12 அங்குல ஆர்ம், எஸ்எம்இ நிறுவனத்தின் 3012 அதற்குப் பேர்போனது. கை நீண்டால் வில் தட்டையாகும், 9 அங்குலத்தோடு ஒப்பிட்டால் கோணப் பிழை கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். உள்ளிழுப்பும் குறையும். ஆனால் குழாய் நீண்டதால் அசைக்க வேண்டிய நிறை கூடும், பெட்டியும் பெரிதாகும். ஓவர்ஹேங்கில் அந்த 1 மில்லிமீட்டர் தவறு இங்கேயும் அதே 1 டிகிரியைத்தான் கொண்டுவரும், நீளத்தால் வந்த லாபத்தை அது மொத்தமாக விழுங்கிவிடும். பொருத்தப் பொறுமை இல்லாதவருக்கு 12 அங்குலம் எதற்கு?

1971இல் கார்ரார்ட் நிறுவனம் கொண்டுவந்த ஜீரோ 100 டர்ன்டேபிள் வேறு வழியில் போனது. இரண்டாவது தண்டு ஒன்று தலையைப் போகப் போகத் திருப்பிக்கொண்டே வரும். காகிதத்தில் அழகுதான். ஆனால் தலையருகே கூடுதல் மூட்டுகள், ஒவ்வொரு மூட்டிலும் உராய்வும் ஆட்டமும். பழையது ஒன்று உங்களிடம் இருந்து சீறினால் கோணத்தைச் சந்தேகிக்கும் முன் அந்த மூட்டுகளைச் சந்தேகியுங்கள்.

குதிக்கிறது, அல்லது ஒரே வரியைத் திரும்பப் பாடுகிறது

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "என்ன தம்பி, காசு வெச்சா பாடுது, எடுத்தா குதிக்குது" என்றார். போய்ப் பார்த்தால் ஹெட்ஷெல்லின் மேல் ஒரு ரூபாய் நாணயம், செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. இப்போது புழங்கும் ஒரு ரூபாய் எந்த ஆண்டு நாணயம் என்பதைப் பொறுத்து 3 முதல் 5 கிராம் வரை இருக்கும். கார்ட்ரிட்ஜ் கேட்பது 2 கிராம்தான். "சார், இப்படியே ஓட்டினா தட்டும் தேயும், முள்ளும் மடங்கும்" என்று சொல்லி நாணயத்தை எடுத்துவிட்டு ஆர்மை மிதக்கவிட்டேன். தட்டின் நடுப்பகுதி வரை சுகமாகப் போனது, அதற்கு மேல் உள்ளே போகாமல் ஸ்பிரிங் இழுத்த மாதிரி திரும்பி வந்தது. அடியில் திறந்தால், யாரோ பழைய மெல்லிய ஒயரை எடுத்துவிட்டுத் தடித்த ஒயரைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒயரின் முறுக்குதான் ஆர்மைப் பின்னால் இழுத்திருக்கிறது. முடி போன்ற ஒயரை மாற்றி, ஒரு தளர்வான வளையம் விட்டதும் 2 கிராமில் பாடியது. நாணயத்தை அவரே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முதலில் குதிக்கும் திசையைப் பாருங்கள். மையத்தை நோக்கித் தாவினால் முள் எடை குறைவு, அல்லது ஆன்டி ஸ்கேட்டிங் போதவில்லை. வெளிப்பக்கம் தாவி ஒரே வரியைத் திரும்பப் பாடினால், அதே தட்டில் அதே இடத்தில் மட்டும் என்றால் கீறல் அல்லது அழுக்கு. பல தட்டுகளில் நடந்தால் ஆன்டி ஸ்கேட்டிங் அதிகம், அல்லது பேரிங் இறுகல், அல்லது ஆசிரியர் வீட்டுக் கதை.

ஆன்டி ஸ்கேட்டிங் எதற்கு என்பதும் வடிவியலிலிருந்தே வருகிறது. பள்ளம் முள்ளைத் தன் ஓட்டத் திசையில் இழுக்கிறது. தலை திரும்பி நிற்பதால் அந்த இழுப்பின் கோடு கீல் வழியாகப் போவதில்லை. மிச்சமாகும் விசை ஆர்மை மையப் பக்கம் தள்ளுகிறது, அது முள் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதைச் சமன் செய்ய ஸ்பிரிங், காந்தம், நூலில் தொங்கும் சின்ன எடை என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றைப் பிடித்தார்கள். பாட்டின் உரப்புக்கு ஏற்ப உராய்வு மாறிக்கொண்டே இருப்பதால் எந்த அளவும் எப்போதும் சரியாகப் பொருந்தாது. அதனால்தான் பள்ளமில்லாத வழுவழுப்பான தட்டில் முள்ளை வைத்து அளவு பிடிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, பள்ளத்தில் உள்ள உராய்வு அங்கே இல்லை. காதால் பிடியுங்கள். உரத்த இடத்தில் வலது ஸ்பீக்கர் முதலில் கரகரத்தால் ஆன்டி ஸ்கேட்டிங்கைக் கூட்டுங்கள். வலது சானல் பள்ளத்தின் வெளிச் சுவரில் இருக்கிறது, உள்ளே சாயும் முள் முதலில் கைவிடுவது அதைத்தான். இடது கரகரத்தால் குறையுங்கள்.

வளைந்த தட்டில் ஸ்பீக்கர் கூம்பு உள்ளும் வெளியும் போய்வருகிறது

வெயிலில் நின்ற காருக்குள் அரை மணி நேரம் தட்டை விட்டவருக்கு இந்த அறிகுறியை விளக்கவே வேண்டாம். ஆனால் அதே வளைந்த தட்டு ஒருவர் வீட்டில் அமைதியாகப் பாடும், இன்னொருவர் வீட்டில் கூம்பைக் கிழிக்கும். அது ஆர்மும் கார்ட்ரிட்ஜும் ஜாதகம் பொருந்தாத கதை.

கேன்டிலீவர் ஒரு ஸ்பிரிங். ஆர்ம் அதன் மேல் உட்கார்ந்த எடை. இரண்டும் சேர்ந்தால் ஏதோ ஓர் அலைவெண்ணில் தாமாகவே ஆடும். தட்டு விநாடிக்கு அரைச் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, வளைவின் தொல்லை அங்கிருந்து சில ஹெர்ட்ஸ் வரை. பாட்டு 20 ஹெர்ட்ஸுக்கு மேல் தொடங்குகிறது. நடுவில் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அந்த ஆட்டம் விழுந்தால் யாருக்கும் தொல்லையில்லை. கணக்கு எளிது: 159ஐ, மொத்த நிறையையும் நெகிழ்வையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்ததால் வகுக்க வேண்டும். நிறை என்பது ஆர்மின் செயல்நிறை (ஆட்டத்தில் முள் உணரும் ஆர்மின் நிறை), கார்ட்ரிட்ஜ், திருகாணி மூன்றும் கிராமில் சேர்ந்தது. நெகிழ்வு என்பது கேன்டிலீவர் எவ்வளவு எளிதில் வளைகிறது என்று கார்ட்ரிட்ஜின் விவரத்தாளில் போட்டிருக்கும் எண்.

எஸ்எல்-1200இன் செயல்நிறை 12 கிராம். அதில் ஓர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் மாட்டினால் அதன் 7.2 கிராமும் திருகாணியும் சேர்ந்து சுமார் 20. நெகிழ்வும் 20. வர்க்கமூலம் 20, விடை கிட்டத்தட்ட 8 ஹெர்ட்ஸ். எல்லைக்கோட்டில் நிற்கிறது, மோசமில்லை. அதே ஆர்மில் டெனான் டிஎல்-103 மாட்டலாம். அதன் நெகிழ்வு 5 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஜப்பானியர்கள் அதை 100 ஹெர்ட்ஸில் அளக்கிறார்கள், நம் கணக்குக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு எடுக்க வேண்டும். 10 என்று வைத்தால் விடை 11 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே. நல்ல ஜோடி. அதையே எஸ்எம்இ 3009 சீரிஸ் 3இல் மாட்டினால்? அதன் செயல்நிறை சுமார் 5 கிராம்தான். விடை 13ஐத் தாண்டும், கீழ் ஸ்வரங்கள் இருக்கும் பக்கம் நகரும், விறைப்பான முள் ஆர்மையே உதறும். எழுபதுகளில் மிக நெகிழ்வான கார்ட்ரிட்ஜ்களுக்காகவே அவ்வளவு லேசாகச் செய்த ஆர்ம் அது. டெனான் 103க்கு வேண்டியது கனமான ஆர்ம். இரண்டும் தனித்தனியே அருமை, ஒன்றாக வைத்தால் சண்டை.

கணக்கு 7க்குக் கீழே வந்தால் லேசான ஹெட்ஷெல் போடுங்கள். 13க்கு மேலே போனால் கனமான ஹெட்ஷெல், அல்லது கார்ட்ரிட்ஜுக்கும் ஹெட்ஷெல்லுக்கும் நடுவில் சின்ன உலோகத் தகடு. கவுண்டர்வெயிட்டை அதற்கேற்ப நகர்த்தி முள் எடையை மறுபடி அளக்க மறக்காதீர்கள். சில ஆர்ம்களில் சிலிக்கோன் எண்ணெய்த் தொட்டி இருக்கும், அது ஆட்டத்தின் உச்சியைத் தட்டிவிடும், ஆனால் எண்ணெய் அதிகமானால் ஆர்ம் மந்தமாகும். எதுவும் முடியாவிட்டால் ஃபோனோ ஆம்ப்பில் (கார்ட்ரிட்ஜின் சின்ன சிக்னலைப் பெருக்கும் பெட்டி) காதுக்கு எட்டாத அடி அலைவுகளை வெட்டும் சப்சோனிக் ஃபில்டரை ஆன் செய்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஒரு பக்கம் ஓங்கி, மறுபக்கம் மங்கி, குரல் நடுவில் நிற்கவில்லை

முள்ளுக்கு அடியில் கண்ணாடித் துண்டை வைத்து முன்னாலிருந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் சேர்ந்து ஒரே நேர்கோடாகத் தெரிய வேண்டும். இடுப்பு ஒடிந்த மாதிரி தெரிந்தால் சாய்வு இருக்கிறது. கழற்றும் ஹெட்ஷெல் என்றால் கழுத்து வளையத்தைத் தளர்த்தி லேசாகத் திருப்பலாம்.

இங்கேதான் பேரிங் வகை பேசும். ஊசிமுனை ஒன்றின் மேல் குடை மாதிரி உட்காரும் ஆர்முக்கு யூனிபிவட் என்று பெயர். உராய்வு மிகக் குறைவு, தளர்ந்து கடகடக்க உதிரிபாகமும் இல்லை. விலை என்னவென்றால், பக்கவாட்டில் உருள எதுவும் தடையில்லை. வளைந்த தட்டில் அது லேசாகத் தலையாட்டிக்கொண்டே போகும், சாய்வும் மாறிக்கொண்டே இருக்கும். அதை, வளையத்துக்குள் நான்கு முனைகளில் மாட்டிய கிம்பல் ஆர்ம் மாதிரி அசையாமல் நிறுத்த முயலாதீர்கள். ஓய்வில் நிற்கும்போது சாய்வு சரியா, குழியில் தணிப்பு எண்ணெய் இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். வெல் டெம்பர்ட் நிறுவனம் இன்னும் ஒரு படி போய், கோல்ஃப் பந்தை நூலில் தொங்கவிட்டுச் சிலிக்கோன் திரவத்தில் மிதக்கவைத்தது. பேரிங்கே இல்லாத ஆர்ம்! பார்த்தவுடன் சிரிப்பு வரும், கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

கிம்பல் ஆர்ம் உருளாது. ஆனால் நான்கு முனைகளும் சரியான இறுக்கத்தில் இருந்தாக வேண்டும். ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் பட்டுப்பூச்சியைப் பிடிக்கிற மாதிரி பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். விரல் நுனியில் 'டிக்' என்று ஓர் ஆட்டம் உணர்ந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. காதில் அது உரத்த இடங்களில் உலோகக் கரகரப்பாக வரும். இறுக்குகிறேன் என்று நீங்களே திருகினால் மணிகள் பதிந்து நிரந்தரப் பள்ளம் விழும். இந்த ஒன்றை மட்டும் கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுங்கள்.

ஒரு சானல் போய்ப் போய் வருகிறது, அல்லது 'ம்ம்ம்' என்ற இரைச்சல்

கழற்றும் ஹெட்ஷெல் என்றால் பத்தில் எட்டு முறை அதன் நான்கு பின்கள்தான். கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடையுங்கள், தீர்ந்தது. பழைய 78 சுற்றுத் தட்டை ஒரு கார்ட்ரிட்ஜிலும் எல்பியை இன்னொன்றிலும் கேட்பவருக்கு அந்த வசதி வரம். ரேகா (Rega) நிறுவனத்தின் ஆர்பி300 மாதிரி தலையும் குழாயும் ஒரே வார்ப்பாக வந்த ஆர்மில் இந்தத் தொல்லை இல்லை, விறைப்பும் அதிகம். ஆனால் கார்ட்ரிட்ஜ் மாற்ற அரை நாள் ஒதுக்க வேண்டும். ஒயர் நிறங்கள்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். கிளிப்பை முனையில் செருகும்போது ஒயரைப் பிடித்துத் தள்ளாதீர்கள், கிளிப்பைச் சாமணத்தால் பிடியுங்கள்.

இரைச்சலுக்கு முதலில் எர்த் ஒயர். ரேகாவில் தனி எர்த் ஒயரைத் தேடி அலையாதீர்கள், அது இடது சானல் கேபிளின் வழியாகவே போகிறது.

உயரத்தைப் பற்றிய கவலை

ஆர்மின் பின்பக்க உயரம் சரியில்லை, அதனால்தான் ஒலி மந்தம் என்று ஒருவர் சொன்னால் பத்துப் பேர் நம்புவார்கள். 230 மில்லிமீட்டர் ஆர்மில் 1 டிகிரி மாற்ற, பின்பக்கத்தை 4 மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும். தடித்த தட்டுக்கும் மெல்லிய தட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரைத் தொடுவதே அபூர்வம், அதாவது கால் டிகிரி. தட்டின் மேல் முள் நிற்கும்போது குழாய் பக்கவாட்டில் மட்டமாகத் தெரிந்தால் போதும். டெக்னிக்ஸில் வளையத்தைத் திருகி 6 மில்லிமீட்டர் வரை ஏற்றலாம். ரேகாவில் அந்த வசதியே வைக்கவில்லை, அடியில் தகடு போட்டுத்தான் உயர்த்த வேண்டும். நகரும் பாகம் குறைந்தால் விறைப்பு கூடும் என்பது அவர்கள் கட்சி. நான் அவர்கள் பக்கம்.

நேர்கோட்டு ஆர்ம் பாதியில் நின்றுவிடுகிறது

கோணப் பிழையையே ஒழிக்க வந்தவை இவை. 1972இல் பேங் அண்ட் ஓலஃப்சனின் பியோகிராம் 4000, 1979இல் டெக்னிக்ஸ் எஸ்எல்-10. தலைக்குத் திருப்பம் இல்லை, ஓவர்ஹேங் இல்லை, அதனால் உள்ளிழுப்பும் இல்லை, ஆன்டி ஸ்கேட்டிங்கும் வேண்டாம். பதிலுக்கு ஒரு மோட்டார், ஒரு சென்சார், பெல்ட், திருகுத்தண்டு எல்லாம் வந்து சேர்ந்தன. ஆர்ம் கொஞ்சம் பின்தங்கினதும் சென்சார் சொல்லும், ஆர்மைச் சுமக்கும் வண்டியை மோட்டார் இம்மியளவு நகர்த்தும். ஆக, ஒரே வரி திரும்பப் பாடினால் இங்கே கீறலைத் தேடுவதற்கு முன் பெல்ட்டைப் பாருங்கள். நாற்பது வருட ரப்பர் நம் வெப்பத்தில் பிசினாகி விரலில் ஒட்டும். அடுத்து தண்டில் காய்ந்துபோன கிரீஸ், சென்சாரின் மேல் தூசி.

மோட்டார் இல்லாமல் காற்றுப் பேரிங்கில் வழுக்கிப் போகும் ஆர்ம்களில் கதை வேறு. மொத்த ஆர்மையும் பக்கவாட்டில் இழுத்துப் போவது பாவம் அந்தக் கேன்டிலீவர்தான். மேடை மட்டம் இம்மி சாய்ந்தாலும் ஆர்ம் தானாகச் சரியும். கம்ப்ரஸர் வேண்டும், அதன் சத்தத்துக்கு அடுத்த அறை வேண்டும். கடலோர ஊர் ஈரக் காற்றில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும், நடுவில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி போடாவிட்டால் ஒருநாள் பேரிங் ஒட்டும். நடுத்துளை தள்ளிக் குத்திய தட்டு என்றால் இன்னும் சங்கடம். 1.8 விநாடிக்கு ஒருமுறை மொத்த நிறையும் இடமும் வலமும் போய்வர வேண்டும், கேன்டிலீவர் அந்த ஆட்டத்தில் வளைவது கண்ணுக்கே தெரியும். அதே தட்டைச் சாதாரண ஆர்ம் சிரமமில்லாமல் ஆடிக்கொண்டே வாசித்துவிடும், சுருதி மட்டும் அலையும். சுருதி அலைவது தட்டின் குற்றம், ஆர்மைத் திட்டாதீர்கள்.

லிஃப்ட் விட்டதும் ஆர்ம் தொப்பென்று விழுகிறது, அல்லது இறங்கும்போது வெளியே நகர்கிறது

தொப்பென்று விழுந்தால், ஆர்மைத் தூக்கி இறக்கும் லிஃப்ட்டின் உருளையில் இருந்த கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் ஒழுகிவிட்டது. கம்பியை உருவி, பழையதைத் துடைத்து, புதிதாக இரண்டு சொட்டு. தையல் மிஷின் எண்ணெய் ஊற்றாதீர்கள், மறுபடியும் தொப்பென்றுதான் விழும். வெளியே நகர்ந்தால் லிஃப்ட் மேடையின் ரப்பர் வழுவழுப்பாகிவிட்டது. முள் பள்ளத்தைத் தொடாத அந்த இரண்டு விநாடியில் ஆன்டி ஸ்கேட்டிங் மட்டும் வேலை செய்து ஆர்மை வெளியே இழுக்கிறது. ரப்பரை மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து ஆல்கஹாலில் துடைத்தால் மறுபடி பிடிக்கும்.